தலைவர் வீட்டு மோட்டார்

மார்ச் 2

பொதுவாழ்க்கைக்கு வந்துவிட்டவன் அன்றாடம் நடப்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. உரக்கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எழுதுகிறேன்.

இன்று எருக்கம்பாடி ஊராட்சியில் பதவியேற்பு. முதல் மாலை எனக்குத்தான் விழுந்தது. அப்புறம்தான் அஞ்சலாட்சிக்குப் போட்டார்கள். தலைவர் அவள், என் மனைவி. இந்த முறை எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. இல்லையென்றால் பழமலை அண்ணன் என்னைத்தான் நிறுத்தியிருப்பார். அண்ணன் முடிவு செய்தால் எங்கள் மேலத்தெருவே முடிவு செய்த மாதிரி. "அஞ்சலை பத்தாவது பாஸ் பண்ணினவ. கையெழுத்துப் போடட்டும், மத்ததை நாம பார்த்துக்குவோம்" என்றார்.

உறுதிமொழி வாசிக்கும்போது அவள் குரல் நடுங்கவே இல்லை. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. வெயில்.

மார்ச் 9

ஊராட்சி அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனோம். செயலர் ஆரோக்கியசாமி தலைவர் நாற்காலியைத் துணியால் துடைத்துவிட்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அஞ்சலை போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கேதான் காற்று நன்றாக வருகிறது.

எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுகிறாள். அண்ணன் அனுப்பிய ஆட்கள் வாசலில் காத்திருந்து அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள்.

மதியம் தண்ணீர் இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இதுவரை அவர்கள் பார்த்துவந்த குடிநீர்த் திட்டம் இனிமேல் ஊராட்சியின் பொறுப்பாம். மேல்நிலைத் தொட்டி, பம்பு அறை, குழாய் எல்லாம் நம்முடையது. சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்கள். இவ்வளவு அதிகாரம் ஊருக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான். அஞ்சலை சாவிக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல எது எந்தப் பூட்டுக்குன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மண்ணுக்குள் வால்வு எங்கெங்கே இருக்கிறது என்பதும் தெரியவில்லை.

மார்ச் 12

முந்திரி விலை இறங்கிவிட்டது. மூட்டைகளைக் கடையிலேயே இறக்கி வைத்தேன். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 20

மாவட்டத்தில் தலைவர்களுக்குப் பயிற்சி. கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி, "தலைவர் மட்டும் உள்ளே" என்று என்னை நிறுத்திவிட்டான். என்னைப்போல் நிறையப் பேர் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றோம். ஒருவர் தன் மனைவிக்கு போன் போட்டு, உள்ளே என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அஞ்சலை வெளியே வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. ஊருக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பலகையில் படம் போட்டுக் காட்டினார்களாம். வண்டியில் என் முதுகிலேயே விரலால் வரைந்து காட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கூச்சமாகத்தான் இருந்தது.

நாளைக்கு பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். சரி என்று அனுமதி கொடுத்தேன்.

மார்ச் 28

ரசம் வைத்தேன். புளி அதிகமாகிவிட்டது. ஆபீஸிலிருந்து வந்தவள் இரண்டு தரம் ஊற்றிக்கொண்டு, நல்லாயிருக்கு என்றாள்.

ஏப்ரல் 7

காலனியில் மஞ்சள்காமாலை. முதலில் ஒரு பையன், அப்புறம் அவன் தங்கை என்றார்கள். இன்றைக்குக் கணக்கே மாறிவிட்டது, வீட்டுக்கு ஒருவர் படுத்திருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற தெய்வானையின் மருமகள் செம்மலருக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். ஏழு மாதக் கர்ப்பிணி. 108 வண்டியில் தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் ஆளையே கொண்டுபோய்விடலாம் என்று கிராம நர்ஸ் சொன்னதை அஞ்சலை வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிடவில்லை.

கோடை வெப்பமாக இருக்கும், திருவிழாக் கடையில் எதையாவது தின்றிருப்பார்கள் என்றேன். நர்ஸ் தண்ணீர்தான் என்கிறாராம். எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லையே, அதே தொட்டித் தண்ணீர்தானே என்று கேட்டேன். "அதுதான் எனக்கும் புரியலை" என்றாள்.

ஏப்ரல் 10

அண்ணன் வீட்டில் பேசினோம். தண்ணீர் கெட்டுவிட்டது என்று நாமே சொன்னால், நாம் பொறுப்பேற்ற பிறகுதான் கெட்டது என்று ஆகிவிடும். தேர்தலில் தோற்றவன் கும்மாளம் போடுவான். கமுக்கமாகத் தொட்டியைக் கழுவிவிட்டால் போதும் என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். அஞ்சலை ஒன்றும் பேசவில்லை. பேசாததால் ஒப்புக்கொண்டாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்கு அது அப்படி இல்லை என்று தெரியும். சொல்லவில்லை.

ஏப்ரல் 11

என் லோடு ஆட்டோவில் மைக் செட் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். எழுதிக் கொடுத்து யாரையாவது பேசச் சொல் என்றேன், கேட்கவில்லை. அவளே பேசினாள்.

"நான் அஞ்சலாட்சி பேசறேன். நம்ம குழாய்த் தண்ணி சரியில்லை. கொதிக்க வைக்காம யாரும் குடிக்காதீங்க. குடிக்கிறதுக்கு டிராக்டர்ல தண்ணி வரும். குழாய் சரியானதும் நானே வந்து சொல்றேன்."

டீக்கடையில் ஒருவன், வந்ததும் வராததுமா ஊர்த் தண்ணியை விஷமாக்கியாச்சு என்று கத்தினான். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, உங்க வீட்டுல குழந்தைங்க நல்லாயிருக்காங்களா என்று விசாரித்தாள். அவன் பதில் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

வண்டியை நான்தான் ஓட்டினேன். அந்த வண்டியின் கிளச் வேறு ஆளுக்குப் பிடிபடாது. அண்ணன் பலமுறை போன் போட்டிருந்தார். சத்தத்தில் கேட்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். வேப்பம்பூப் பச்சடி நான் செய்தேன். அவள் காலையிலேயே தஞ்சாவூருக்குப் போய்விட்டாள். செம்மலர் கண் திறந்து பேசினாளாம். பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறதாம். தெய்வானை ஆஸ்பத்திரி வராந்தாவில் அஞ்சலை கையைப் பிடித்துக்கொண்டு, மருமகளையும் பேரப்பிள்ளையையும் நீதான் கொண்டாந்து சேர்க்கணும் என்று அழுதாளாம். ஊராட்சித் தலைவர் என்ன டாக்டரா என்று கேட்டேன்.

ஏப்ரல் 17

ஒன்றியத்திலிருந்து எஞ்சினியர் ஒரு பெண் வந்தார். அவரும் அஞ்சலையும் ஆரோக்கியசாமியும் தொட்டியிலிருந்து காலனி வரைக்கும் குழாய் போகிற தடத்தை நடந்தே பார்த்தார்கள். சில இடங்களில் தோண்டினார்கள். நானும் கூடப் போனேன், சும்மாதான்.

காலனிக்குப் போகும் வழியில் குழாய் சாக்கடைக்கு அடியில் போகிறது. அங்கே விரிசல். ஆனால் குழாய்க்குள் தண்ணீர் அழுத்தமாக ஓடினால் விரிசல் வழியாக வெளியேதான் கசியும், சாக்கடை உள்ளே வராது என்றார் எஞ்சினியர். எப்போது உள்ளே வரும்? குழாய்க்குள் தண்ணீரே இல்லாமல், மேலே யாரோ உறிஞ்சும்போது. வீட்டுக் குழாயில் மோட்டார் மாட்டி இழுக்கிறார்கள் இல்லையா, அப்போது. உள்ளே வந்த சாக்கடை காலனிப் பக்கக் குழாயிலேயே தங்கி, அடுத்த முறை தண்ணீர் விட்டதும் காலனிக்குத்தான் போய்ச் சேருமாம்.

மோட்டார் எந்தத் தெருவில் என்று கேட்டார். ஆரோக்கியசாமி என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக வானத்தைப் பார்த்தார்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. குளியலறைக்குப் பின்னால், கல்லுக்கு அடியில். மேலத்தெருவில் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். அண்ணன்தான் மொத்தமாக வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 18

இன்று வீட்டில் சண்டை. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். பொதுவிஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மோட்டாரைக் கழற்றணும் என்றாள். எல்லாரும் கழற்றட்டும், நாமும் கழற்றுவோம் என்றேன். நாம முதல்ல என்றாள். அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது, அவர் இல்லையென்றால் இந்தப் பதவி ஏது, நாளைக்கு முந்திரிக்கு முன்பணம் வேண்டுமென்றால் யாரிடம் போய் நிற்பது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"செம்மலர் வீட்டுக் குழாயைத் திறந்து காதை வச்சுப் பார்த்தேங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள போகுது. நம்ம மோட்டார் ஓடற நேரம் அது. அந்தப் பொண்ணு குடிச்சது நாம இழுத்துவிட்ட சாக்கடையை."

வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்றேன்.

"தெரியாம செஞ்சோம். இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"நீ தலைவர்னா வெளியில. வீட்டுக்குள்ள நான் சொல்றதுதான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் திருப்பிச் சத்தம் போடவில்லை. "சரி. வீட்டுக்குள்ள நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்னு" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டாள். நான் கடைக்குப் போகவில்லை. தலைவலி.

ஏப்ரல் 19

மோட்டாரைக் கழற்றினேன். பழுதாகியிருந்தது. எப்படியும் கழற்ற வேண்டியதுதான்.

ஏப்ரல் 20

மேலத்தெருவில் வீடு வீடாகப் போனாள். கூட ஆரோக்கியசாமியும் நர்ஸும். நான் கொஞ்சம் பின்னால் நின்றேன். சிலர் கழற்றுகிறோம் என்றார்கள். சிலர் பார்க்கலாம் என்றார்கள். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவே கூடிவிட்டது.

"நான் உக்கார வச்ச நாற்காலியில உக்காந்துக்கிட்டு என் வீட்டுக்கே சோதனைக்கு வர்றியா?" என்றார்.

அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மரியாதை குறையாமல்தான் பேசினாள். "நீங்க உக்கார வச்சதை மறக்கலை மாமா. ஊரு தண்ணியை நம்மகிட்ட குடுத்திருக்கு. நம்ம தெருவே அதை உறிஞ்சினா, உங்க பேருதான் மாமா கெடும். எங்க வீட்டுல நேத்தே கழட்டியாச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்படியாடா?"

"அது ரிப்பேர்ண்ணே" என்றேன்.

அண்ணன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வரும்போது அஞ்சலை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மே 1

கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நடந்தது. வழக்கமாக மேலத்தெரு ஆண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவதுதான் கிராம சபை. இன்று காலனிப் பெண்கள் வேலைக்குப் போகாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்தேன்.

அஞ்சலை எழுந்து, குழாயில் என்ன நடக்கிறது என்று விளக்கினாள். உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் ஊசியால் ஓட்டை போட்டு, அதை மஞ்சள் கரைத்த பக்கெட்டுக்குள் அமிழ்த்தி, ஒரு முனையை அடைத்துவிட்டு மறுமுனையில் ஆரோக்கியசாமியை உறிஞ்சச் சொன்னாள். மஞ்சள் தண்ணீர் ஓட்டை வழியாகக் குழாய்க்குள் ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள். ஆரோக்கியசாமி துப்பினார். சிரிப்பு வந்தது, அப்புறம் அடங்கிவிட்டது.

தீர்மானம் இதுதான். ஊரைப் பகுதி பிரித்து, வால்வு வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் முறைபோட்டுத் தண்ணீர் விடுவது. முதல் முறை காலனிக்கு. மோட்டார் வைத்திருந்தால் இணைப்பைத் துண்டிப்பது. மேலத்தெருவில் சலசலப்பு. இத்தனை நாளாக இல்லாத வழக்கம் என்றார் ஒருவர். தெய்வானை எழுந்தாள். மருமகள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். "நாங்க உங்க தண்ணியைக் கேக்கலை. எங்க முறையைக் கேக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். காலனி முழுக்கத் தூக்கியது. மேலத்தெருவில் முதலில் யாரும் தூக்கவில்லை. எனக்குத் தோள் வலி இருந்தும் தூக்கினேன். அப்புறம் பின்னால் இன்னும் சில கைகள். தீர்மானம் நிறைவேறியது.

அண்ணன் வரவில்லை.

மே 4

அண்ணன் வீட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மதியம் அண்ணி குடத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு எந்த மூலையில் ஒளிவது என்று தெரியவில்லை. "அவர் கோபம் அவரோட இருக்கட்டும். எனக்குச் சோறாக்கத் தண்ணி வேணும்" என்றார். அஞ்சலை குழாயைத் திறந்தாள். மோட்டார் இல்லாமலே குடம் நிறைந்ததை அண்ணி நின்று பார்த்தார். "இதுக்கா இத்தனை வருஷம் கரண்டு பில்லு கட்டினோம்?" என்று கேட்டார்.

மே 6

அண்ணி ஆளை வைத்து மோட்டாரைக் கழற்றிவிட்டாராம். அண்ணன் ஜெயங்கொண்டம் போயிருந்த நேரத்தில். இணைப்பைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

மே 23

சாக்கடைக்கு அடியில் போன குழாயை எடுத்துவிட்டு, மேலே பாலம்போல் தாங்கி வைத்துப் புதுக்குழாய் போட்டாயிற்று. தொட்டியைக் கழுவி குளோரின் கலக்கிறார்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதை இப்போது ஆரோக்கியசாமி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

தெருவுக்கு ஒரு பெண்ணாக ஐந்து பேருக்குத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெய்வானையும் ஒருத்தி; எங்கள் தெருவுக்கு அண்ணி. சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் லேசாக மஞ்சள் ஓட வேண்டுமாம். அப்படியென்றால் குளோரின் இருக்கிறது. இது நல்ல மஞ்சள் என்று தெய்வானை எனக்கு விளக்கினாள்.

இன்று மறுபடியும் மைக் கட்டிக்கொண்டு போனோம். "நான் அஞ்சலாட்சி பேசறேன். தண்ணி சரியாயிடுச்சு" என்றாள். காலனிக் கடைசி வீட்டுக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து எல்லார் எதிரிலும் குடித்தாள். எனக்கும் நீட்டினாள். கொஞ்சம் யோசித்தேன். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 8

செம்மலருக்குப் பெண் குழந்தை. எடை குறைவுதான், ஆனாலும் அழுகைச் சத்தம் வராந்தா வரை கேட்டதாம். தாயும் சுகம். சேதி வந்தபோது அஞ்சலை வால்வுக் குழிக்குள் இறங்கி நின்றாள். அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மேலே நின்றவர்கள் பார்க்காமல் நான் மறைத்துக்கொண்டேன்.

ஜூன் 19

ஆபீஸுக்குப் போய்ப் பல நாள் ஆகிறது. அங்கே எனக்கு வேலை இல்லை. கடையில் நிறைய வேலை. முன்பணத்துக்கு வங்கியில் கேட்டேன், தருகிறார்கள். இன்று புளிக்குழம்பு.

ஜூலை 14

கோயில் திருவிழா. தேர் வடம் பிடிக்கும்போது பக்கத்தில் யார் என்று பார்த்தால் அண்ணன். பேசி இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. தேர் நின்ற இடத்தில் அவரும் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"உன் மோட்டார் ரிப்பேர்னுதானே சொன்ன?"

கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கே எல்லாம் பழையபடி ஆகியிருக்கும்.

"இல்லண்ணே. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. நானாத்தான் கழட்டினேன்."

அண்ணன் தலையை ஆட்டினார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. தேர் நகர்ந்தது. இரண்டு பேரும் ஒரே வடத்தைப் பிடித்து இழுத்தோம். தேர் நிலைக்கு வந்ததும், "உங்க அண்ணி தினமும் அந்தக் குப்பியைத் தூக்கிக்கிட்டுத் தெருவைச் சுத்தறா. சமையல் நேரத்துக்கு ஆகலை" என்றார். ரசம் வைப்பது சுலபம் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 22

எங்கள் ஊரைப் பார்ப்பதற்காகப் பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஒரு தலைவர் வந்தார். அவர்கள் ஊராட்சியிடமும் இப்போதுதான் தண்ணீரை ஒப்படைத்திருக்கிறார்களாம். தலைவர் பெயர் கனகவல்லி. முப்பது வயதுகூட இருக்காது. கூட அவர் கணவர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அஞ்சலை வணக்கம் சொன்னதற்குக் கணவர்தான் பதில் வணக்கம் சொன்னார். ஊரில் எத்தனை வீடு என்று அஞ்சலை கேட்டதற்கும் அவர்தான் பதில் சொன்னார்.

தொட்டி, பம்பு அறை எல்லாவற்றையும் அஞ்சலை காட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் அவர் என் தோளில் கை போட்டுத் தனியே ஒதுக்கினார். "நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க? இவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியுது. கையெழுத்தைத் தவிர எல்லாத்தையும் நாமதானே பார்க்க வேண்டியிருக்கு" என்றார்.

"எனக்குத் தண்ணி விவகாரம் எதுவும் தெரியாதுங்க. நான் முந்திரி வியாபாரம்" என்றேன். அவர் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அதற்குள் அவர்கள் காலனிக்குப் போகும் வால்வுக் குழிக்கு வந்துவிட்டார்கள். அஞ்சலை மூடியைத் தூக்கினாள். கனகவல்லி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் குழி விளிம்பில் மண்டி போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். வால்வைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். வால்வுச் சாவியை மாட்டி இரண்டு கையாலும் திருப்பினார். முதலில் நகரவில்லை, அப்புறம் திரும்பியது. குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து அஞ்சலையைப் பார்த்தார்.

"எந்தத் தெருவுக்கு முதல்ல விடணும்னு யாருங்கக்கா முடிவு பண்றது?"

கணவர் விறுவிறுவென்று அந்தப் பக்கம் நடந்தார். "அதை நான் சொல்றேன்…" என்று ஆரம்பித்தார்.

நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்க, நாம டீ குடிச்சிட்டு வரலாம். தலைவருங்க ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு நிறைய இருக்கு."

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பார்க்கவில்லை.